அறுபத்தோராவது கிணறு

உக்காருங்கம்மா, தாராளமா உக்காருங்க. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கறேன். கனமெல்லாம் இல்லைங்க. கொண்டு போன பலகாரத்துல பாதி அப்படியே திரும்பி வருது, அவ்வளவுதான்.

நான் ஊத்துப்பள்ளத்துல ஏறினேன். ஆமா, கடைசி ஸ்டாப்பு. அங்க யாரு இருக்காங்கன்னு கேட்டா, என் பொண்ணு இருக்கான்னுதான் சொல்லணும். பெத்த பொண்ணு இல்ல. எங்களுக்குக் குழந்தை இல்லைங்க. என்கிட்ட பிஎச்.டி. படிச்ச பொண்ணு. மாதேஸ்வரின்னு பேரு. இப்போ அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல தற்காலிக டீச்சரா இருக்கா. நான் யுனிவர்சிட்டியில கெமிஸ்ட்ரி புரொபசரா இருந்தேன். புஷ்பவல்லி மேடம்னா அங்க எல்லாருக்கும் தெரியும். ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. போன கார்த்திகையில வீட்டுக்காரரும் போயிட்டார். வீட்டுல பேச்சுக்கு ஆளில்ல. அதான் உங்களைப் பாத்ததும் வாய் ஓயாம பேசறேன். தப்பா எடுத்துக்காதீங்க.

அவளை நான் எப்படி வச்சிருந்தேன்னு கேளுங்க. ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லைன்னு ஞாயித்துக்கிழமை ஆனா எங்க வீட்டுலதான் சாப்பாடு. வந்தா சும்மா உக்கார மாட்டா. காய் நறுக்குவா, என் பரிட்சைப் பேப்பருக்கு மார்க் கூட்டிக் கொடுப்பா, அவருக்கு மாத்திரை வாங்கிட்டு வருவா. என் மாமியார் திதிக்கு விடியக்காலையிலயே வந்து அத்தனை பாத்திரத்தையும் துலக்கிக் கொடுத்தா. நான் சொல்லவே வேண்டாம். வீட்டுப் பொண்ணு மாதிரி. அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் கேட்டதில்ல. வீட்டுப் பொண்ணுகிட்ட யாருங்க அதெல்லாம் கேப்பாங்க?

அந்தப் பொண்ணு அஞ்சு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ரிட்டயர்மென்ட் விழாவுக்கு அழைப்பு அனுப்பினேன், வரல. அவர் போனப்போ தகவல் சொன்னேன், வரல. அவர் கையால எத்தனை நாள் காபி குடிச்சிருக்கா!

என்ன நடந்துச்சுன்னா, சொல்றேன்.

அவ ஆராய்ச்சி தண்ணியைப் பத்தி. இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க பல்லெல்லாம் காவி அடிச்ச மாதிரி இருக்குமில்ல? தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி. ஒரு லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராம் வரைக்கும் குடிக்கலாம். அதுக்கு மேல போனா முதல்ல பல்லு போகும், அப்புறம் எலும்பு வளையும். எண்பத்திநாலு ஊரு, ஊருக்கு ஒரு கிணறு. தண்ணி எடுத்து, எங்க எவ்வளவுன்னு மேப் போடணும். நல்ல ஊரு பச்சை, கெட்ட ஊரு சிவப்பு. யோசனை என்னோடது. அலைஞ்சது அவ.

நல்லா அலைஞ்சா, அதைச் சொல்லணும். ரெண்டு பஸ் மாறிப் போய், அங்கிருந்து நடந்து போய் எடுத்துட்டு வருவா. ஒரு நீள நோட்டு வச்சிருந்தா. தேதி, நேரம், எவ்வளவு ஆழம், கிணத்துப் பக்கத்துல என்ன மரம், எந்த வீட்டு அம்மா கயிறும் வாளியும் கொடுத்தாங்க, எல்லாம் எழுதி வைப்பா. "கயிறு கொடுத்தவங்க பேரெல்லாம் எதுக்கும்மா?"ன்னு கேட்டிருக்கேன். "நாளைக்கு யாராச்சும் நீ இங்க வந்தியான்னு கேட்டா அவங்க சொல்லுவாங்க மேடம்"னா. நான் சிரிச்சேன். யாரு கேக்கப் போறா?

ஐம்பத்திரண்டு கிணறு முடிஞ்சுது. அப்போ பாத்து அவ அப்பாவுக்குக் கையும் காலும் விழுந்துடுச்சு. மினி லாரி ஓட்டிட்டிருந்த மனுஷன். அந்த நோட்டை என்கிட்ட கொடுத்துட்டு ஊருக்குப் போனவ ரெண்டு மாசம் வரல.

என் நிலைமையையும் பாருங்க. எனக்குப் புரொபசர் இன்டர்வியூ அந்த வருஷம். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கைவிட்டுப் போயிருக்கு. எனக்கு மூணு வருஷம் பின்னால சேர்ந்தவர் பரந்தாமன். அவர் புரொபசர் ஆகி, துறைத்தலைவரும் ஆகி, நான் அவர் முன்னால நின்னு லீவு லெட்டர் நீட்டியிருக்கேன். மூணாவது தடவையும் போச்சுன்னா அவ்வளவுதான். ஒரு பெரிய ஜர்னல்ல ஒரே ஒரு பேப்பர் வந்தாப் போதும். அந்த ஜர்னல்ல நிலத்தடி நீருக்குன்னே ஒரு சிறப்பிதழ் போட்டாங்க. கடைசித் தேதிக்குப் பதினோரு நாள்தான் இருந்துச்சு.

எண்பத்திநாலுன்னு அவங்களுக்கு ஏற்கெனவே எழுதியாச்சு. கையில ஐம்பத்திரண்டு.

ஒரு ஞாயித்துக்கிழமை. அவர் ஹால்ல கிரிக்கெட் பாத்துட்டிருந்தார். நான் சாப்பாட்டு மேஜையில உக்காந்து மீதி முப்பத்திரண்டையும் போட்டேன். நீங்க நினைக்கிற மாதிரி கண்ணை மூடிட்டுப் போடலைங்க. சுத்துப்பட்டு ஊர்க் கிணறுங்களோட சராசரி எடுத்து, அதுல கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைச்சு... நாலு மணி நேரம் ஆச்சு. எவ்வளவு பெரிய நிபுணர் பாத்தாலும் சந்தேகம் வராது, அவ்வளவு நேர்த்தியா இருந்துச்சு. வரவும் இல்ல. ரெண்டு பேர் பரிசீலனை பண்ணி, ஒரு கமா மட்டும் மாத்தச் சொன்னாங்க.

மாதேஸ்வரி திரும்பி வந்தப்போ பேப்பர் போயாச்சு. "மீதி ஊருக்கெல்லாம் யாரு மேடம் போனாங்க?"ன்னு கேட்டா. "லேப் அசிஸ்டன்ட்டை அனுப்பி எடுத்துட்டேன், நீ அப்பாவைப் பாரு"ன்னேன். என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. "எனக்காக இவ்வளவு பண்ணியிருக்கீங்களே மேடம்"னு. அவளுக்காகவும்தானே பண்ணினேன்? பேப்பர்ல அவ பேரும் இருக்கே. முதல்ல என் பேரு, ரெண்டாவது பரந்தாமன், மூணாவது அவ. பரந்தாமன் ஒரு கிணத்தைக்கூட எட்டிப் பாத்ததில்ல. இருந்தாலும் துறைத்தலைவர் பேரைப் போடறது ஒரு மரியாதை. எல்லாரும் போடுவாங்க. நானும் பாத்ததில்லதான், அது வேற விஷயம்.

நான் புரொபசர் ஆனேன். ரூம் வாசல்ல புதுப் பலகை மாட்டினாங்க. மாதேஸ்வரிதான் ஸ்வீட் வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தா.

கொஞ்ச நாள்ல குடிதண்ணித் திட்டத்து ஆபீஸ்ல இருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். எந்தெந்த ஊருக்கு ஆத்துத் தண்ணிக் குழாய் முதல்ல போடணும்னு பட்டியல் தயார் பண்றாங்களாம். "உங்க மேப் கிடைச்சா எங்க வேலை பாதி முடிஞ்சுடும் மேடம்"னார். பெருமையா இருந்துச்சுங்க. நம்ம ஆராய்ச்சி ஜனங்களுக்குப் பயன்படுதேன்னு. கலர் பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அப்பவே சொல்லியிருக்கலாமேன்னுதானே பாக்கறீங்க? எப்படிங்க சொல்றது? பேப்பர் வந்தாச்சு, பலகை மாட்டியாச்சு.

மூணு வருஷம் போச்சு. இவ தீசிஸ் எழுதி முடிக்கிற நேரம். எல்லாக் கிணத்துக்கும் ஃபோட்டோ இருந்தா நல்லா இருக்கும்னு அவளுக்கே தோணியிருக்கு. நான் வேண்டாம்னேன். "ஒரு வாரத்துல முடிச்சுடுவேன் மேடம்"னு கிளம்பிட்டா. பட்டியல்ல அறுபத்தோராவது ஊரு ஊத்துப்பள்ளம்.

அன்னிக்குச் சாயங்காலம் நேரா எங்க வீட்டுக்கு வந்தா. கால் பூரா புழுதி. கையில அவ தண்ணி பாட்டில், உள்ள அந்த ஊர்க் கிணத்துத் தண்ணி.

"லேப்ல வச்சுப் பாத்துட்டுத்தான் மேடம் வரேன். அஞ்சு புள்ளி எட்டு வருது."

"நம்ம பேப்பர்ல எவ்வளவு?"

"புள்ளி ஒன்பது."

"மீட்டர் கோளாறா இருக்கும். முதல்ல உக்காரு, தோசை ஊத்தறேன்."

"மூணு தடவை பாத்துட்டேன் மேடம்." அவ உக்காரல. "அங்க பிள்ளைங்க காலெல்லாம் வளைஞ்சிருக்கு மேடம். சுத்துப்பட்டுல நாம சிவப்புப் போட்ட ஊருக்கெல்லாம் குழாய் வந்துடுச்சு, அவங்களுக்கு வரல. உங்க தண்ணி நல்ல தண்ணி, யுனிவர்சிட்டியிலயே சொல்லிட்டாங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்களாம். இந்த ஊருக்கு யாரு போனா மேடம்?"

நான் தோசைக்கல்லைத் துடைச்சுட்டிருந்தேன்.

"லேப் அசிஸ்டன்ட்டைக் கேட்டுட்டுத்தான் வரேன். அவர் எங்கயும் போகலையாம்."

"மாதேஸ்வரி, நான் சொல்றதைக் கேளு. ஒட்டி இருக்கிற ரெண்டு ஊர்லயும் ஒண்ணுக்குக் கீழ. நடுவுல இருக்கிற ஊரு எவ்வளவு இருக்கும்? கணக்குப் படி..."

"பக்கத்துப் பக்கத்துக் கிணத்துலயே வேற வேற வரும் மேடம். நீங்கதான் எனக்கு முதல் நாள் அதைச் சொல்லிக் கொடுத்தீங்க."

நான் கோபப்படலைங்க. தன்மையாத்தான் சொன்னேன். "தீசிஸைக் கொடுத்துடு. பட்டம் வாங்கிடு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஜர்னலுக்கு ஒரு திருத்தம் எழுதுவோம். இப்போ வாயைத் திறந்தா உன் மூணாவது அத்தியாயமே போயிடும், அது தெரியுமா?"

"தெரியும் மேடம்"னா.

அந்தத் தோசையைச் சாப்பிடாமலே போயிட்டா.

ஒரு மாசம் பொறுத்தா. நடுவுல ரெண்டு தடவை வந்து, "நீங்களே எழுதிடுங்க மேடம்"னு கேட்டா. பாக்கலாம், பாக்கலாம்னேன். அப்புறம் அவளே எழுதிட்டா. ஜர்னலுக்கு ஒண்ணு, கலெக்டருக்கு ஒண்ணு. மொட்டைக் கடுதாசி இல்லைங்க. பேரு, பதிவு எண், செல் நம்பர் எல்லாம் போட்டு எழுதியிருந்தா. அதுதான் எனக்கு இன்னிக்கும் புரியல. அவளுக்கும்தானே நஷ்டம்? அப்பா படுக்கையில. கல்யாணம் ஆகல. ஆறு மாசம் பொறுத்திருந்தா டாக்டர் மாதேஸ்வரி.

விசாரணைக் கமிட்டி போட்டாங்க. அஞ்சு பேர். அதுல ஒருத்தர் கேட்டார், "டேட்டா சேகரிச்சது யாரு?"ன்னு. "ஸ்காலர்தான் சார்"னேன்.

பொய்யில்லையேங்க. சேகரிச்சது அவதானே?

"எண்பத்திநாலையுமா?"ன்னார்.

பரந்தாமன் எதிர்ல உக்காந்து என்னையே பாத்துட்டிருந்தார். அவர் பேரும் அந்தப் பேப்பர்ல இருக்கே. "எனக்கு அவ அப்படித்தான் கொடுத்தா சார். நான் நம்பினேன்"னு சொல்லிட்டேன்.

அடுத்தது அவளைக் கூப்பிட்டாங்க. நான் வராண்டாவுல நின்னேன், கதவு திறந்துதான் இருந்துச்சு. அவகிட்ட ஒரே ஒரு ஆதாரம் இருந்துச்சு, அந்த நோட்டு. ஐம்பத்திரண்டு ஊரோட நின்னு போன நோட்டு. "மேடம் ரூம் பீரோவுல இருக்கு, கேட்டுப் பாருங்க"ன்னா. எனக்கு ஆள் அனுப்பினாங்க. தேடினேன், கிடைக்கலைன்னு சொல்லி அனுப்பினேன். வெளியில வந்ததும் அவளே வந்து கேட்டா. "மேடம், அந்த நோட்டு." காணோம்மான்னேன். மறுநாளும் வந்து கேட்டா.

பீரோவுலதாங்க இருந்துச்சு. ரெண்டாவது தட்டுல, மஞ்சள் பையில.

ஜர்னல்காரங்க பேப்பரைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. அவ பதிவை ரத்து பண்ணிட்டாங்க. எனக்கு, மேற்பார்வையில அஜாக்கிரதைன்னு ஒரு மெமோ. மூணு வருஷம் புதுசா ஸ்காலர் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பரந்தாமனுக்கு ஒண்ணுமே இல்ல. ஹாஸ்டலைக் காலி பண்ற அன்னிக்கு அவ லேப்புக்கு வந்தா. தன்னோட கண்ணாடிக் குடுவையெல்லாம் கழுவிக் கவுத்து வச்சா. என் ரூமைத் தாண்டித்தான் போகணும். போனா. திரும்பிப் பாக்கல.

எனக்கு மனசு விட்டுப் போச்சுங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடல. அவர்கூட, "உனக்கு என்ன ஆச்சு, நீதான் தப்பிச்சுட்டியே"ன்னார். அவருக்குத் தெரியும்.

இத்தனை நாள் கழிச்சு இப்போ எதுக்குப் போனேன்னா, தனியா இருக்கிற வீட்டுல யாரு ஞாபகம் வரும் சொல்லுங்க? அவ ஊத்துப்பள்ளத்துலயே வேலைக்குச் சேர்ந்துட்டான்னு பழைய லேப் அசிஸ்டன்ட் சொன்னார். இன்னிக்குக் காலையில கிளம்பிட்டேன். முறுக்கும் ரவா லட்டும் பண்ணினேன், அவளுக்குப் புடிக்கும். நோட்டையும் எடுத்துக்கிட்டேன்.

இறங்கி, மாதேஸ்வரி டீச்சர் வீடு எதுன்னு கேட்டா யாருக்கும் தெரியல. "தண்ணி டீச்சரா?"ன்னாங்க.

என்னைப் பாத்ததும் ஒரு நிமிஷம் வாசல்லயே நின்னா. அப்புறம், "வாங்க மேடம்"னு நாற்காலி போட்டா. டீ போட்டுக் கொடுத்தா. இளைச்சுப் போயிருக்கா. காதோரம் நரைச்சிருக்கு, முப்பத்தஞ்சுகூட ஆகல. சார் போனதுக்கு வருத்தம் சொன்னா. நல்ல மாதிரிதான் பேசினா, ஒரு ஆபீசர்கிட்ட பேசற மாதிரி.

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி ஒவ்வொரு பக்கமாப் புரட்டினா. கயிறு கொடுத்தவங்க பேரையெல்லாம் விரலால தொட்டுத் தொட்டுப் படிச்சா.

"எப்போ கிடைச்சது மேடம்?"

"இப்போதாம்மா. வீட்டைச் சுத்தம் பண்றப்போ."

அவ தலையை ஆட்டினா. நம்பினாளா இல்லையான்னு தெரியல. "இதை வச்சு மறுபடி மனு போடலாம், நானே வைஸ் சான்சலர்கிட்ட பேசறேன்"ன்னேன். "வேண்டாம் மேடம்"னு நோட்டை மூடி, திருத்த வச்சிருந்த பசங்க நோட்டுங்களுக்கு மேல வச்சுட்டா.

அந்த நேரம் பக்கத்து வீட்டு அம்மா உள்ள வந்தாங்க. கெம்பம்மாவாம். "யாரு டீச்சர் இவங்க?"

"என் மேடம். யுனிவர்சிட்டியில எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவங்க."

அவ்வளவுதான். அந்தம்மா ஓடி வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. "நீங்களா தாயி? உங்ககிட்டயா எங்க டீச்சர் படிச்சது? சுத்துப்பட்டுல எத்தனையோ ஊருக்குக் குழாய் போட்டாங்கம்மா, எங்களை விட்டுட்டாங்க. யாரோ ஒரு படிச்ச மகராசன் உங்க தண்ணி நல்ல தண்ணின்னு எழுதிக் கொடுத்துட்டானாம். இந்தப் புள்ள வந்து சண்டை போடலைன்னா, அடுத்த வருஷமே குழாய் வந்திருக்குமா எங்களுக்கு? அப்புறம் பொறந்த பிள்ளைங்கல்லாம் நல்லா ஓடுதும்மா, நல்லா ஓடுது. எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கல." சொல்லிட்டு வெளியில பாத்து, "ரோகிணி, இங்க வா, வந்து மேடம் கால்ல விழு"ன்னாங்க.

பேத்தியாம். பன்னிரண்டு வயசு. நான் மேப்பைக் கொடுத்தப்போ அவளுக்கு நாலு வயசு இருக்கும். குழாய் வந்தப்போ எட்டு. வாசப்படியைப் புடிச்சுப் புடிச்சு உள்ள வந்தா. முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது, பாதம் ரெண்டும் தனித்தனியாப் போகுது. கால்ல விழறதுக்குக் குனியப் பாத்தா, முடியல. சுவத்தைப் புடிச்சுக்கிட்டா. வேண்டாம்மா, வேண்டாம்மான்னு நான் எழுந்திருச்சுட்டேன்.

"கையை வச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க தாயி"ன்னாங்க கெம்பம்மா.

மாதேஸ்வரி அடுப்பு மேடை பக்கத்துல நின்னுட்டிருந்தா. என்னையே பாத்தா. அந்தப் பார்வையில கோபம் இல்லைங்க. வகுப்புல ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்டுட்டு, தெரியும், சொல்லிடும்னு காத்துட்டு நிப்போமே, அப்படி நின்னா.

நான் அந்தப் பொண்ணு தலையில கையை வச்சேன். "நல்லா இரும்மா"ன்னேன்.

வேற என்னங்க சொல்றது? சந்தோஷமா நிக்கிற அந்தம்மாகிட்ட அந்த நேரத்துல போய் என்னன்னு ஆரம்பிக்கிறது?

மாதேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கிட்டா. டீ டம்ளரை எடுத்துக் கழுவப் போயிட்டா.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தா. என் பையை அவதான் தூக்கிட்டு வந்தா. வழியில கேட்டேன், "என் மேல இன்னும் கோபமாம்மா?"ன்னு.

"இல்ல மேடம். முதல்ல இருந்துச்சு. இப்போ இல்ல."

எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்துச்சு. "அப்போ அடிக்கடி வரேன்"ன்னேன். "எனக்கு இனிமே யாரு இருக்கா?"

பஸ் வந்துடுச்சு. என்னை ஏத்திவிட்டு, பையை உள்ள கொடுத்துட்டு, ஜன்னல் பக்கத்துல வந்து சொன்னா. "இனிமே வராதீங்க மேடம். அடுத்த தடவையும் அவங்க உங்களைக் கும்பிடுவாங்க. என்னால பாத்துட்டு நிக்க முடியாது." அவ்வளவு மெதுவாச் சொன்னா. உடம்பைப் பாத்துக்கங்கன்னும் சொன்னா.

நீங்க ஏறுறதுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடி, நான் கண்டக்டரைக் கூப்பிட்டேன். இறங்கிடலாம்னு ஒரு வேகம் வந்துச்சுங்க. நிஜமா வந்துச்சு. போய் கெம்பம்மாவைக் கூப்பிட்டு நிக்க வச்சு, அந்த மகராசன் நான்தாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன? பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு எழுந்துகூட நின்னுட்டேன். "ஊத்துப்பள்ளத்துக்குத் திரும்பிப் போக பஸ் எப்போப்பா?"ன்னு கேட்டேன்.

"இதான்மா கடைசி ட்ரிப். இனிமே நாளைக்குக் காலையிலதான்"னார்.

அப்பாடான்னு இருந்துச்சுங்க எனக்கு. அப்படி ஒரு நிம்மதி. உக்காந்துட்டேன்.